நகத்துக்குத் தட்டாத மேடு

பட்டறையில் தம்பிக்கு வைத்த பெயர் 'நகம்'. எஞ்சின் மூடி எதைக் கழற்றினாலும், அது எஞ்சினோடு சேரும் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்ப்பான். கண்ணுக்குப் படாத கீறலோ மேடோ இருந்தால் நகம் அங்கே தட்டி நின்றுவிடும். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் அக்கா இதைச் சொல்லாமல் அனுப்பியதில்லை. "படிப்பு எனக்கும் ஏறல, அவனுக்கும் ஏறல. எங்க வீட்டுக்கு வரவேண்டிய அறிவெல்லாம் அவன் நகத்துல போய் உட்கார்ந்துகிச்சு" என்பாள். கேட்டவர்களே மறுபடி கேட்டாலும் அலுத்துக்கொள்ள மாட்டார்கள், அவள் சொல்லும் விதம் அப்படி.

பிறகு அவனுக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்துகள் நோயை அடக்கின. தலைமுடி உதிர்ந்து, திரும்ப முளைத்தது. உடம்பு தேறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் அவன் பட்டறைப் பக்கம் போகவில்லை. முன்னறையில், அக்காவின் தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்படியே உட்கார்ந்தால் ஆள் உள்ளுக்குள் உளுத்துப்போவான் என்று அக்காவுக்குப் பயம். அவளே பட்டறைக்குப் போய் முதலாளியிடம் பேசினாள்.

முதலாளி தன் பழைய மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அவருடைய அப்பா காலத்து வண்டி. எஞ்சினின் பக்கவாட்டு மூடியிலிருந்து ஆயில் கசிந்து, அடி ஸ்க்ரூவில் திரண்டு, சொட்டிக்கொண்டிருந்தது. "ஊர் வண்டியெல்லாம் பாக்குறேன். என் வண்டி போற இடமெல்லாம் கையெழுத்துப் போட்டுட்டு வருது. இதை முடிச்சுக் குடு, திங்கட்கிழமை வந்து உன் இடத்துல நில்லு" என்றார். சின்ன வேலைதான். அவனுக்குத் தெம்பு வரட்டும் என்றுதான் கொண்டுவந்திருக்கிறார் என்பது அக்காவுக்குப் புரிந்தது.

தம்பி வேலையை ஆரம்பித்தபோது அவள் தையலை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். ஆயிலை வடித்தான். ஸ்க்ரூக்கள் ஒன்றுக்கொன்று நீளம் மாறும் என்பதால், அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, கழற்றியதை அதனதன் இடத்தில் குத்திவைத்தான். மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவைத் தடுக்க வைக்கிற பேக்கிங் தாளை மூடியின்மேல் பரப்பி, சின்னச் சுத்தியலால் விளிம்போடு தட்டித் தட்டியே வெட்டி எடுத்தான். கடைசியில் நகத்தை ஓட்டினான். "சுத்தமா இருக்கு" என்று மூடியைப் பூட்டினான்.

வண்டியைக் கிளப்பினார்கள். எஞ்சின் சூடானதும் அடி ஸ்க்ரூவில் மறுபடி ஒரு சொட்டு திரண்டது.

தாள்தான் சரியில்லை என்றான். மறுநாள் தடித்த தாள் வாங்கிவந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தான். அதுவும் கசிந்தது. ஸ்க்ரூவை இன்னும் இறுக்கப் போனவன், மரை கழன்றுவிடும் என்று தானே கையை எடுத்துக்கொண்டான். அன்று மாலை அவன் முகத்தைப் பார்க்க அக்காவுக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த தடவை மூடியைக் கழற்றியதும் துடைத்துத் தருவதாக அவள்தான் வாங்கினாள். துணியோடு விளிம்பில் போன விரலில் ஏதோ இடறியது. துணியை எடுத்துவிட்டு வெறும் விரலை வைத்தாள். எப்போதோ யாரோ ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியதில் எழும்பிய மேடு. துணியில் ஒற்றை நூல் முடிச்சு விழுந்த மாதிரி, அவ்வளவுதான்.

"தம்பி, இங்க ஏதோ தட்டுதே."

அவன் குனிந்து நகத்தை வைத்தான். ஓட்டினான். "ஆமாக்கா, இருக்கு" என்றான்.

நகம் இருந்தது அந்த மேட்டுக்கு இரண்டு விரல்கடை தள்ளி. அவன் மூடியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து, மூடியைக் கவிழ்த்து அவன் தேய்த்தான். ஒவ்வொரு தடவையும் அவளிடம் நீட்டினான், அவள் தடவிப் பார்த்து இன்னும் கொஞ்சம் என்றாள். போதும் என்று அவள் சொன்னபிறகு பூட்டினான். கசிவு நின்றது.

முதலாளி வந்து, எஞ்சினுக்கு அடியில் செய்தித்தாளை விரித்து, வண்டியை ஓடவிட்டுக் காத்திருந்தார். தாள் காய்ந்தபடியே கிடந்தது. "திங்கட்கிழமை வந்துடு" என்று சிரித்துக்கொண்டே அவன் தோளில் தட்டினார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அக்கா அவரைத் தேடிப் போனது. பட்டறைக்குப் போனால் பழகப் பழக எல்லாம் சரியாகிவிடும், இப்போது யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம் என்று அவள் மனசுக்குள் தீர்மானித்துவிட்டாள்.

"இதை நான் சரி பண்ணல முதலாளி, அக்கா விரல்தான் பண்ணுச்சு" என்றான் தம்பி.

"அப்ப அக்காவையும் சேத்துக் கூட்டிட்டு வா" என்று முதலாளி சிரித்தார்.

"விளையாட்டில்ல. அந்த மருந்து ஏத்துனதுலேர்ந்து எனக்கு ரெண்டு கையிலயும் விரல் நுனி மரத்துக் கெடக்கு. இது வெறும் ஆயில், சொட்டுனா தொடைச்சுக்கலாம். நாளைக்கு ஒருத்தர் பிரேக்கக் கழட்டி என் கையில குடுப்பாரு."

முதலாளியின் சிரிப்பு நின்றது. டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சிலருக்கு உணர்ச்சி திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்று சொன்னதாகத் தம்பி சொன்னான். "பாப்போம்" என்றார் முதலாளி. செய்தித்தாளை மடித்து எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வண்டியை ஓட்டிப் போனார்.

"வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றாள் அக்கா.

"இருந்திருக்கலாம்."

"எங்கிட்டயாவது மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

அவன் தரையில் கிடந்த பேக்கிங் தாள் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். மெல்லிய துண்டு ஒன்று பிடியில் சிக்காமல் நழுவி நழுவி விழுந்தது.

"வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் என் நகத்தைப் பத்தியே பேசிட்டிருந்த. அதை நடுவுல நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரலக்கா."

அவள் குனிந்து அந்தத் துண்டை எடுக்கப் போனாள். வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு, அவன் திரும்பவும் அதைப் பிடிக்கப் பார்த்தான்.