கயல் தொடாத காபி

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் ஒரு டம்ளர் காபி யாரும் தொடாமல் இருந்தது.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் இது தலைப்புச் செய்தி. திருச்சியிலிருந்து ஷார்ஜா திரும்பும் ஒவ்வொரு தடவையும் துணிமணியைக் குறைத்துக்கொண்டு காபிப் பொடி அடைத்து வருகிற குடும்பம் இது. என் கணவர் சேகரின் லட்சியங்கள் மொத்தமே இரண்டுதான். ஒன்று, டிகாக்‌ஷன் தீராமல் இருக்க வேண்டும். இன்னொன்று, ஹால் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி. முதலாவது நிறைவேறிவிட்டது. இரண்டாவதுக்கு நான் உயிரோடு இருக்கும்வரை சான்ஸ் இல்லை.

அப்பேர்ப்பட்ட வீட்டுப் பெண், நுரை பொங்கும் காபியை எதிரில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றால்?

எனக்கு அது வெறும் காபியாகத் தெரியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்... அதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும்.

கயல் என் ஒரே மகள். இங்கேயே வளர்ந்து, பெங்களூர் போய்ச் சட்டம் படித்தவள். துபாயில் ஒரு லா ஃபர்மில் வேலை கிடைத்திருக்கிறது. நல்ல ஆபீஸ், மெட்ரோ ஸ்டேஷன் வாசலிலேயே. ஷார்ஜா ட்ராஃபிக்கில் தினமும் ஆயுளைக் கரைக்கிற எனக்கு மெட்ரோ பக்கத்தில் வேலை என்றாலே அது வரம்தான்.

அந்த வரம் வந்த வாரமே ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து ஒரு மெயிலும் வந்தது. போன வருடம் படிப்பு முடித்த கையோடு அவள் இன்டர்னாகப் போயிருந்த மனித உரிமை அலுவலகம். ஜோர்டானில் ஒரு பாலஸ்தீன அகதி முகாமில் வேலை செய்கிறவர்கள். 'ஒரு வருடம் வந்து எங்களோடு இருக்க முடியுமா?' என்று கேட்டிருந்தார்கள்.

மெயில் வந்ததை அவள் சொன்னாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. போகாதே என்று நானும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் சாம்பார் நல்லா இருக்கா, ஏசியைக் குறைக்கவா என்று பேசிக்கொண்டு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

போன வருடம் மூன்று மாதத்துக்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "கேம்ப்ல வேலைம்மா" என்று அவள் சொன்னதும் என் மனசில் வந்தது துபாய் அல் கூஸில் தொழிலாளர்கள் தங்குகிற லேபர் கேம்ப்தான். அடுக்குக் கட்டில், வரிசையாகக் காயும் நீல யூனிஃபார்ம், கம்பெனி பஸ். மேல் வீட்டு விமலா மேடம் ஒரு படி மேலே போய், "எந்த கம்பெனி கேம்ப்? சாப்பாடு அவங்களே போடறாங்களா?" என்று விசாரித்தார்.

அப்புறம்தான் கயல் போட்டோ அனுப்பினாள். கேம்ப் இல்லை, ஒரு ஊரே. கூடாரமாக ஆரம்பித்து, தகரமாகி, சிமென்ட்டாகி, மாடி மேல் மாடி வைத்த வீடுகள். சந்துக்குச் சந்து பேக்கரி. அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் பண்ணி, பேரன் பேத்தி எடுத்தவர்கள். பெயர் மட்டும் இன்னும் கேம்ப்.

அந்தப் பக்கம் எதைச் சொன்னாலும் டிவியில் பார்க்கிற இடிபாடுதானே ஞாபகம் வருகிறது? மேப்பை இரண்டு விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கி, எல்லை எங்கே, என் பொண்ணு எங்கே என்று பார்த்துப் பார்த்து என் போனே சூடாகிவிடும். பயந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தினமும் பயந்தேன்.

அவள் வேலை என்ன தெரியுமா? கேட்பது. சரியான அடையாள அட்டை இல்லாத குடும்பங்கள் அங்கே நிறைய. அட்டை இல்லையென்றால் படித்த படிப்புக்கு வேலை இல்லை, இது இல்லை, அது இல்லை. அவர்கள் வாய்மொழியாகச் சொல்வதை எழுதி வாங்கி, அலுவலகம் அதை மேலே மேலே எடுத்துக்கொண்டு போகும்.

அதில் ஒருத்தி உம் யூசுஃப். யூசுஃபின் அம்மா என்று அர்த்தம். மூத்த பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் அங்கே அம்மாக்களைக் கூப்பிடுவார்களாம். அப்படிப் பார்த்தால் நான் உம் கயல்! அவளுக்கும் என் வயசுதான். வீட்டிலேயே தையல். மகள் நர்ஸிங் முடித்துவிட்டு, அட்டை இல்லாததால் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

உம் யூசுஃப் வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். "எத்தனை பேர் வந்து எழுதிக்கிட்டுப் போனீங்க? என்ன கிழிச்சீங்க?" என்று முன்னால் போனவர்களை வாசலோடு அனுப்பியிருக்கிறாள். நியாயமான கேள்விதானே?

அதனால் ஆபீஸில் சொல்லி அனுப்பினார்கள்: சும்மா போய் வணக்கம் சொல்லிட்டு வாங்க, எதுவும் கேட்கவே கேட்காதீங்க. கயலும், மொழிபெயர்க்கிற உள்ளூர்ப் பெண் ரனாவும் போனார்கள். உம் யூசுஃப் உட்காரச் சொன்னாள். காபி வந்தது. குட்டிக் கிண்ணத்தில், கொதிக்கக் கொதிக்க.

இங்கேதான் எங்கள் வளர்ப்பு வேலையைக் காட்டியது. கயல் சூடாக எதையும் குடிக்க மாட்டாள். சின்ன வயசிலிருந்து டபராவில் ஆற்றி ஆற்றிக் கொடுத்தே பழக்கியிருக்கிறேன். அங்கே டபராவுக்கு எங்கே போக? ஆறட்டும் என்று கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்தாள்.

அறை சட்டென்று அமைதியாகிவிட்டதாம்.

உம் யூசுஃப் கிண்ணத்தைப் பார்க்கிறாள். கயலைப் பார்க்கிறாள். திரும்பக் கிண்ணத்தைப் பார்க்கிறாள். கடைசியில் பெரிதாக ஒரு மூச்சு விட்டு, "குடி, பெண்ணே. நீ என்ன கேட்டு வந்தியோ அது உனக்குத்தான்" என்றாள். சொன்னவள் நிறுத்தவே இல்லை. மத்தியானச் சாப்பாடு தாண்டியும் பேசினாள். மகளைப் பற்றி, அப்பாவைப் பற்றி, தம்பியைப் பற்றி. கயல் கை வலிக்க எழுதினாள்.

வெளியே வந்ததும் ரனா கட்டிப்பிடித்துக்கொண்டாளாம். "எங்க வழக்கம் உனக்கு எப்படித் தெரியும்?"

வழக்கமா? என்ன வழக்கம்?

அந்தப் பக்கம் ஒரு பெரிய வேண்டுகோளோடு ஒரு வீட்டுக்குப் போனால் — பெண் கேட்க, சண்டையைச் சமாதானம் பண்ண, மன்னிப்புக் கேட்க — கொடுத்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்துவிடுவார்கள். நீங்கள் சரி என்று சொன்னால்தான் குடிப்போம் என்று அர்த்தம். வந்தவர் காபி குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கே அவமானம். ஆகவே, பாவம், உம் யூசுஃப் சரி சொல்லியாக வேண்டிய கட்டாயம்!

அன்றைக்குக் கயல் எனக்குப் போன் பண்ணி அழுதாள். "அம்மா, நான் அவங்களை மிரட்டி வாங்கின மாதிரி ஆயிடுச்சும்மா. அவங்க இஷ்டப்பட்டு சொல்லலை. நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லப் போறேன்."

"அடி லூசு! நல்லபடியா முடிஞ்சதை ஏன்டி போய்க் கிளறுறே? அவங்க பொண்ணுக்கு நல்லதுதானே நடக்கப் போகுது? வாயை மூடிக்கிட்டு இரு" என்றேன் நான்.

அம்மா பேச்சை எந்தப் பெண் கேட்டிருக்கிறாள்?

போனாள். எழுதியதை எல்லாம் உம் யூசுஃப் முன்னால் வைத்து, "நான் எதுவும் கேட்கலை. காபி சூடா இருந்தது, அவ்வளவுதான். வேண்டாம்னா இதை இங்கேயே கிழிச்சுடலாம்" என்றாள். ரனா அதை மொழிபெயர்க்கவே தயங்கினாளாம்.

உம் யூசுஃப் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாளாம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "காபியில கொடுத்த வாக்கை நாங்க திரும்ப வாங்கறதில்லை" என்றாள். அப்புறம் அந்தத் தாள்களைக் கையில் எடுத்துப் புரட்டினாள். "வேண்டாததை நிஜமாவே எடுத்துடலாமா?" "எடுத்துடலாம்." "அப்படின்னா ஒண்ணே ஒண்ணு. என் தம்பியைப் பத்திச் சொன்னேன் பாரு, அந்தப் பத்தியை மட்டும் அடிச்சுடு. மத்ததெல்லாம் இருக்கட்டும்."

அந்தப் பத்தியை அடித்தார்கள். ஏன் என்று கயல் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவள் அந்த வீட்டுக்குப் போனபோதெல்லாம் இரண்டு கிண்ணம் வருமாம். உம் யூசுஃபே ஒன்றிலிருந்து இன்னொன்றில் ஊற்றி, ஆற்றிக் கொடுப்பாளாம். இதை வீடியோ காலில் நானே பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

வாயை மூடு என்று நான் சொன்னது எவ்வளவு தப்பு, பாருங்கள். கயல் திரும்பப் போகாமல் இருந்திருந்தால் அந்தத் தம்பி கதை, உம் யூசுஃப் மனசுக்குப் பிடிக்காமலே, எங்கெங்கோ போயிருக்கும். முடியாது என்று சொல்ல இடம் கொடுத்த பிறகு ஒருவர் சொல்கிற சரி இருக்கிறதே... அதுதான் சரி.

நாங்களும் ஒரு வகையில் அட்டையில் வாழ்கிறவர்கள்தான். கயல் எங்கள் விசாவில் இருக்கிறாள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் அது போச்சு. பெங்களூரில் படித்தபோதெல்லாம் விசாவைக் காப்பாற்றவே செமஸ்டர் நடுவில் ஓடி வருவாள். ஆனால் நாளைக்கே 'கலாஸ், முடிஞ்சது, கிளம்பு' என்று இந்த ஊர் சொல்லிவிட்டாலும் எங்களுக்குத் திருச்சி இருக்கிறது. உம் யூசுஃபுக்கு எது?

சரி... சனிக்கிழமைக்கு வருகிறேன்.

கயல் டம்ளரை மேஜையில் வைத்தாள். கொஞ்சம் தள்ளியும் வைத்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்து கேட்க முடியவில்லை, அந்த ஊர் முறைப்படி கேட்கிறாள்! கையில் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றேன். ஒரு வருடம். அந்த மேப். அந்தப் பயம். மெட்ரோ வாசல் ஆபீஸ். எல்லாம் ஒரு நிமிஷத்தில் கண் முன்னால் ஓடியது.

"சரிடி. குடி. நீ கேக்க வந்தது உனக்குத்தான். போயிட்டு வா" என்றேன். குரல் உடைந்துவிட்டது.

கயல் திருதிருவென்று விழித்தாள்.

"அம்மா... ரொம்ப சூடும்மா. ஆறட்டும்னு வெச்சிருக்கேன்."

சேகர் போனிலிருந்து தலை நிமிர்ந்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டில் முகம் சிவந்துவிட்டது. அடுப்பில் தோசை கருகியது.

"அப்ப நீ கேக்கலையா?"

"கேக்கணும்னுதான் இருந்தேன். ஆனா இப்படி இல்லைம்மா." எழுந்து வந்து அடுப்பை அணைத்தாள். "நீ தெரியாம சொல்லிட்ட. சோ, அது செல்லாது. வாபஸ் வாங்கிக்கோ. ஐ மீன் இட். லா ஃபர்ம்லயே ஜாயின் பண்றேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்க மாட்டேன், ப்ராமிஸ்."

உண்மையைச் சொல்லவா? 'சரி, வாபஸ்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்த அம்மாவுக்குக் கிடைக்கும்?

அவள் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகத்தான் சொல்கிறாள். நான் வேண்டாம் என்று சொன்னால் அப்படியே கேட்டுக்கொள்வாள். உம் யூசுஃப் வீட்டுக் கூடத்தில் எழுதிய தாள்களோடு போய் நின்ற முகம் இதுதானே? இந்த முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இப்படி ஒருத்தி நம் வயிற்றில் பிறந்திருக்கிறாளே என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிசாக இருந்தது.

"காபியில கொடுத்ததைத் திரும்ப வாங்கறதில்லை" என்றேன். "ஒரே ஒரு பத்தியை மட்டும் அடிச்சுடறேன்."

"எதை?"

"ஒரே மூச்சா ஒரு வருஷம்கறதை. தீபாவளிக்கு இங்க இருக்கணும். உன் விசாவுக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு."

கயல் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நைட்டி நனைந்தது. அப்புறம் டபராவை எடுத்துவந்து, அவள் காபியை நாலு ஆற்று ஆற்றிக் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்தாள்.

அடுத்த மாதம் கிளம்புகிறாள். உம் யூசுஃபுக்கு அரைக் கிலோ காபிப் பொடியும் ஒரு டபரா செட்டும் பேக் பண்ணியாகிவிட்டது.

இதை எழுதி முடித்து நிமிர்ந்தால், எதிரில் சேகர். கையை மடியில் வைத்துக்கொண்டு, ஹால் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். முன்னால் டம்ளர் நிறையக் காபி... ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

எடுத்து நானே குடித்துவிட்டேன்.