தாடை என்று சொன்ன பொய்

வலது தாடையில் அந்தச் சனியன் குடியேறி நான்கு வருஷம் ஆகிறது. பல் துலக்கினால் வரும், காற்றுப் பட்டால் வரும், எல்லாவற்றையும் விடக் கதைத்தால் வரும். நாலு சொல் சொல்வதற்குள் காதடியிலிருந்து நாடி வரைக்கும் கரண்ட் பாயும். பல்வலி என்று நினைத்து இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கக் கொடுத்த விசரி நான். முகத்து நரம்பு வலி என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

கதைப்பதுதான் என் பிழைப்பு. சிட்னி ஆஸ்பத்திரிகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேலை. டொக்டர் சொல்வதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதை டொக்டருக்கும் சொல்ல வேண்டும். வேறு வேலை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. விழுங்குகிற குளிசையைக் கூட்டினால் வலி அடங்கும், ஆனால் சொற்கள் மறந்துபோகும். ஒருநாள் ‘ஈரல்’ என்ற சொல் வராமல், ஒரு மனுசிக்கு முன்னால் என் வயிற்றைத் தொட்டுக் காட்டிக்கொண்டு நின்றேன். டூங்கபியில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து குசினி அடுப்படியில் நின்று அழுதேன்.

மண்டையைத் திறந்து செய்யும் ஒப்பரேஷனை என் இருதயம் தாங்காது என்றுவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஊசி. வாயோரத்தால் கன்னத்துக்குள் நீண்ட ஊசியை ஏற்றி, எக்ஸ்ரேயில் பார்த்தபடி நரம்பின் வேர் வரை கொண்டுபோய்ச் சூடு வைத்து, வலிக்கிற கிளையை மரத்துப்போகச் செய்வார்கள். அதற்கு முன் மயக்கத்திலிருந்து எழுப்பி, மெல்லிய கரண்ட் விட்டு, எங்கே கூசுகிறது என்று கேட்பார்கள். வலிக்கிற இடத்திலேயே கூசினால்தான் ஊசி சரியாக நிற்கிறது என்று அர்த்தம். “நீங்கள் சொல்வதை வைத்துத்தான் நான் செய்வேன்” என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று தாதி கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்கள் சனம் டொக்டருக்கு முன்னால் எதற்கும் ஓம் போடும். நோகுதா என்றால் இல்லை என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து முனகும். அறைக்குள் நான் என் பாட்டுக்கு எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் கொரிடோரில் வைத்து எத்தனை பேரை ஏசியிருக்கிறேன்! “அன்ரி, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ. அவர் என்ன, சாத்திரமே பாக்கிறார்?”

ஊசி ஏற்றிய அன்று என்னை மயக்கத்திலிருந்து எழுப்பினார்கள். கரண்ட் விட்டார்கள். புருவத்தில் கூசியது. சொன்னேன். திரும்ப மயக்கி, ஊசியை அசைத்து, எழுப்பினார்கள். மறுபடியும் புருவம். அதையும் சொன்னேன். மூன்றாம் தரமும் அந்தக் கோதாரி கண்ணுக்கு மேலேதான் கூசியது. “இப்போது தாடையில்தானே?” என்று டொக்டர் கேட்டார். அவர் களைத்துப் போயிருந்தது குரலில் தெரிந்தது. எக்ஸ்ரே மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற பெண் கால் மாற்றி நின்றாள். “ஓம் டொக்டர், தாடைதான்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தேங்க்யூ வேறு சொன்னேன்.

சூடு வைத்தார்கள்.

இப்போது வலது கண் மரத்துப் போய்க் கிடக்கிறது. தூசி விழுந்தாலும் தெரியாது. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விடுகிறேன். தாடை வலி அப்படியே இருக்கிறது, இம்மியும் குறையவில்லை. நல்லா வேணும் எனக்கு!

ஆறு கிழமை கழித்து மகளோடு போய் டொக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மரத்த கண்ணில் புண் வந்தால் பார்வையே போய்விடும், இனி அந்த நரம்பில் கை வைக்க மாட்டேன், குளிசைதான் என்றார். குளிசையைக் கூட்டி எழுதித் தந்தார்.

காரில் ஏறியதும் மகள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதாள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“அவ்வளவு பேரும் எனக்காக மினக்கெட்டுக்கொண்டு நிண்டவை பிள்ளை. பாவமாக் கிடந்தது.”

அதைச் சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் பாய்ந்தது. கன்னத்தைத் தொடவும் முடியாமல் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன். “கதைக்காதேங்கோ அம்மா” என்றாள்.

திங்கட்கிழமை அவளே என் வேலையிடத்துக்குப் போன் எடுத்தாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அம்மாவால் இனி வர ஏலாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வேலையை அடியோடு விடுகிறாரா என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். அவள் அதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள். நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். அவள் அதை அவர்களுக்குச் சொன்னாள்.