பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தோடு

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருஷமாக யோசித்தேன். கொப்பி வாங்கி வைத்து, பிஸ்மி சொல்லி முதல் வரியை எழுதி, பிறகு அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்ட நாட்களும் உண்டு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்து எனக்குப் பழகிய வேலை இல்லை. அது ஒரு காரணம். மற்றது, இதில் வருகிறவர்கள் என் வேலிக்கு அந்தப் பக்கம் இன்றும் குடியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெரு முழுக்க, இந்தக் கதையை இப்போது வேறு மாதிரிச் சொல்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். அல்லாஹ் என் கையைப் பொய்யிலிருந்து காக்கட்டும்.

நான் மூதூரில் மீன் வியாபாரி. விடியற்காலை இலங்கைத்துறைக் கரைக்குப் போய் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டி, கிளிவெட்டிப் பக்கம் கொண்டுபோய் விற்பேன். அங்கே வயல்காரர்கள்தான் அதிகம். வெள்ளாமை வெட்டிய கையோடு காசு தருவார்கள். மற்ற நாளில் “அறுப்புக்குத் தாறம்” என்பார்கள், நானும் கொடுப்பேன். ஒரு வருஷம் மழை வரவில்லை. வயல் பாளம் பாளமாக வெடித்தது. அறுப்பே இல்லாதபோது யாரிடம் போய்க் கேட்பது? அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளின் எஞ்சினும் பழுதாகிப் போனது.

அப்போதுதான் வெளியூர்க் கொம்பனி ஒன்று வந்து பெண்களுக்குக் கடன் கொடுத்தது. எங்கள் மார்க்கத்தில் ஆகாத வட்டிக் காசு என்று தெரியும். தெரிந்துதான் எடுத்தோம். மூன்று பெண்கள் சேர்ந்து எடுக்க வேண்டும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பது அவர்களின் சட்டம். எஞ்சின் திருத்துவதற்காக எடுத்த என் மனைவி ஒருத்தி. இரண்டாவது, பக்கத்து வீட்டுக்காரி. என் மனைவியை விட வயது குறைந்தவள், அக்கா முறையில் அவளை ராத்தா என்றும் அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றும் கூப்பிடுவாள். அவள் கணவனுக்கு வீடு கட்டுகிற மேசன் வேலை. அவள் தையல் மெஷின் வாங்குவதற்காக எடுத்தாள். மூன்றாவது பெண் கொஞ்ச நாளில் தன் கடனைக் கட்டி முடித்து வீட்டு வேலைக்கு வெளிநாடு போய்விட்டாள்.

கிழமைக்கு ஒருதரம் எங்கள் விறாந்தையில் கூட்டம் நடக்கும். பெண்கள் எழுந்து நின்று, ஒருத்தியின் கடனை மற்றவர்கள் சுமப்போம் என்று ஒரே குரலில் சத்தியம் சொல்வார்கள். காசு வாங்க வருகிற பொடியன் அந்த வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பான்.

“தம்பி, அதைக் கொஞ்சம் தளர்த்துங்க. மயங்கி விழுந்தீங்கண்டா உங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்கும் நாங்கதான் கடன் எடுக்கணும்” என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

“அதுக்கும் தருவம் அக்கா. சத்தியம் மட்டும் சொல்லுங்க” என்பான் அவன்.

முதலில் இப்படிச் சிரிப்பாகத்தான் போனது. மழை இரண்டாம் தரமும் பொய்த்த பிறகு சிரிப்பில்லை. இரண்டு வீட்டிலும் நிலுவை சேர்ந்தது, எங்கள் வீட்டில் அதிகம். அந்தப் பொடியன் கதிரையில் உட்கார்ந்தால் பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொன்னாலும் எழும்ப மாட்டான். அவனுக்கும் மேலிடம் இருந்தது போல. என் மனைவி குசினிக்குள் அடுப்படியில் விளக்கைப் போடாமல் நிற்பாள்.

அந்த வருஷம் நோன்பு பிறை பார்க்கச் சில நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி வேலியடிக்கு வந்தாள்.

“ராத்தா, கடன்காரனை வாசல்ல வைச்சிக்கொண்டு நோன்பு பிடிக்க எனக்கு மனம் வரல்ல. மகள்ட தோட்டை அடகு வைச்சி என்ர நிலுவையக் கட்டிப்போட்டன். மிச்சத்தில உங்கட கடன்லயும் கொஞ்சக் கிழமைக் காசு கட்டினனான்.”

“உன்ன ஆரு கேட்டது?” என்றாள் என் மனைவி.

“சத்தியம் சொன்னது ஆரு? கிளி மாதிரி எண்டாலும் சொன்னதுதானே.”

எங்கள் ஊரில் நோன்புக்கு முந்தி அப்படித்தான். ஒருவருக்கொருவர் போய், “என்னில ஏதும் குறை இருந்தா ஹலால் பண்ணிடுங்க” என்று மன்னிப்புக் கேட்போம். கொடுக்க வேண்டியதை முடிந்தவரை கொடுத்துத் தீர்ப்போம். அவள் அதைச் செய்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, “பெருநாள் கழிய எங்கட பங்கைத் தந்திடுவன் தங்கச்சி, தோட்டை மீட்டிடுவம்” என்று சொன்னேன். அந்தத் தோடு ஒரு சின்னப் பிள்ளையின் தோடு. அதன் காதில் ஓட்டை தூர்ந்து போகாமல் இருக்க ஈர்க்குத் துண்டு செருகியிருந்தார்கள்.

பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் அந்தச் செய்தி வந்தது. மழையில்லாமல் போன ஊர்களில் பெண்கள் எடுத்த கடனை அரசாங்கம் கட்டி முடிக்கப் போகிறது என்றார்கள். நம்பவில்லை. பிறகு கிராம சேவகர் காரியாலயத்தில் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நிலுவை வைத்தவர்களின் கடன்தான் தள்ளுபடி. என் மனைவியின் பெயர் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் இல்லை.

நானும் மனைவியும் அவளும் போய்க் கேட்டோம்.

“உங்கட கணக்கு ஒழுங்கா இருக்கு தங்கச்சி. நிலுவை இல்லாத ஆக்களுக்கு இது இல்ல” என்றார் கிராம சேவகர்.

“ஒழுங்கா இருந்தது பிழையா ஐயா?”

“பிழை எண்டு நான் சொல்லல்ல. சுற்றறிக்கை அப்படித்தான் வந்திருக்கு.”

“நோன்புக்கு முந்தி நான் கட்டாம விட்டிருந்தா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப உங்கட பேரும் வந்திருக்கும்.”

திரும்பி வரும் வழியில் நான்தான் ஏதோ வெயிலைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தேன்.

பொய் சொல்லக் கூடாது, எங்கள் வீட்டுக்கு அது பெரிய நிம்மதி. அந்தக் கிழமை கழுத்துப்பட்டிப் பொடியன் எங்கள் வேலிப் படலையைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனான். என் மனைவி நன்றி சொல்லி, நெற்றி தரையில் பட ஸுஜூது செய்தாள். கிழமைக் காசு கையில் நின்றது. அதில் அவளுக்குச் சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்கினோம், பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கினோம், கடைக்காரனின் பழைய பாக்கியைக் கொடுத்தோம். எல்லாம் தேவையான செலவுதான். ஆனாலும் வேலிக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் கொம்பனிக்கும் கட்டி, அடகு வட்டியும் கட்டி, இருட்டிய பிறகும் தைத்துக்கொண்டிருப்பாள்.

மோட்டார் சைக்கிள் மறுபடி நின்றுபோனது. வண்டி இருந்தால் வியாபாரம் நடக்கும், வியாபாரம் நடந்தால் தோட்டை மீட்கலாம் என்று கணக்குப் போட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனேன். ஓர்ஸ் ஹில் பக்கம், வண்டியைத் தவணைக்குக் கொடுக்கிற ஒரு லீசிங் காரியாலயம். அங்கே மனைவியும் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டரில் என் மனைவியின் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டிய பெண்பிள்ளை கொஞ்ச நேரம் திரையையே பார்த்தது.

“ஐயா, இவங்கட பேரில ஒரு கடன் கட்டாம விட்டதா விழுந்திருக்கு.”

“அது அரசாங்கம் தள்ளுபடி செஞ்சது மகள்.”

“விளங்குது ஐயா. ஆனா இதில அப்படித்தான் காட்டுது. எனக்கு மாத்த ஏலாது.”

“ஆரு மாத்துவாங்க?”

“கொம்பனியில கேட்டுப் பாருங்க.”

கொம்பனியில் கேட்டேன். அது தங்கள் கையில் இல்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் கேட்டேன், தவணைக்குச் சாமான் கொடுக்கிற கடையில் கேட்டேன். எல்லா இடத்திலும் அதே திரை, அதே பதில். பஸ்ஸில் வரும்போது என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, “கடனை அழிச்சாங்க எண்டாங்க. என்ர பேரை அழிச்சிப்போட்டாங்களே” என்றாள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடகு வைத்த இடத்திலிருந்து கடிதம் வந்தது பிறகுதான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி எங்களிடம் காட்டவில்லை. எங்களிடம் காசு இல்லை என்று அவளுக்குத் தெரியும். தோடு ஏலத்தில் போனது. ஒருநாள் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு விளையாட வந்தபோது காதில் ஈர்க்குத் துண்டும் இல்லை. என் மனைவி அதன் காதைத் தடவிப் பார்த்தாள். ஓட்டை தூர்ந்திருந்தது. அன்று அவள் சோறு தின்னவில்லை.

அதற்குப் பிறகு நாட்டில் சாமான் விலையெல்லாம் ஏறிய காலம் வந்தது. தங்கமும் ஏறியது. நாங்கள் கொடுக்க வேண்டிய காசுக்கு இப்போது அந்தத் தோட்டின் திருகுச் சுரைகூட வராது. இருந்தும் வாடகை சைக்கிளில் மீன் விற்று, ஒரு பால்மா டின்னில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். சேர்த்து முடியுமுன்னே சீனி வருத்தத்தால் என் மனைவியின் காலில் வந்த புண் பெருத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அவள் சொன்னது இவ்வளவுதான்: “அந்தப் புள்ளட தோடு.”

அங்கேயே கண் மூடி அவள் மவுத்தானாள்.

எங்கள் வழக்கப்படி, அடக்குமுன் ஜனாஸாத் தொழுகைக்கு நிற்கும்போது உரியவர் ஒருவர் முன்னால் வந்து, மவுத்தானவர் யாருக்கும் கொடுக்க வேண்டியிருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பார். நான் முன்னால் வந்து கேட்டேன். “இவ ஆருக்கும் கடன் குடுக்க இருந்தா என்னட்ட வாங்க. நான் பொறுப்பு. ஏலுமானவங்க ஹலால் பண்ணிடுங்க.” பக்கத்து வீட்டு மேசன் இரண்டாம் வரிசையில் நின்றான். தலையைக் குனிந்து தன் கால்விரலைப் பார்த்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தொழுதோம், அடக்கினோம்.

சில நாள் கழித்து, குறைந்த காசையும் சேர்த்துப் போட்டுப் பால்மா டின்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். போகுமுன் மௌலவியிடம் கேட்டேன். தங்கம் ஏறினாலும் வாங்கியது ரூபாய் என்றால் ரூபாய்தான் கடன், அதற்கு மேல் அவள் மனம் பொருந்துவதைப் பார்த்துக்கொள் என்றார்.

அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டாள். காசை எண்ணாமல் வாங்கி வைத்தாள்.

“தங்கச்சி, அவவ மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல் சொல்லுங்க.”

அவள் துணியின் ஓரத்தை மடித்தாள்.

“வாயால சொல்லலாம் காக்கா. ராத்தாவில எனக்குக் கோபம் ஒண்டும் இல்ல. ஆனா மகள்ட காதைப் பாக்கிற நேரம் மனசுக்குள்ள ஒண்டு எழும்புது. அது ஆரில எண்டும் எனக்குத் தெரியல்ல. அது கிடக்கேக்க மன்னிச்சிட்டன் எண்டு சொன்னா பொய். என்ர பொய் ராத்தாவுக்குக் கபுறுக் குழிக்குள்ள உதவுமா?”

நான் வெறும் டின்னை மடியில் வைத்துக்கொண்டேன்.

“அதுவாப் போனா வந்து சொல்லுவன்” என்றாள். பிளேன்டீ ஊற்றித் தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

இன்னும் வந்து சொல்லவில்லை. நோன்பு வந்தால் அவள் வீட்டுக் கஞ்சிதான் எனக்கு. வேலிக்கு மேலால் சட்டியை நீட்டுவாள். அந்த நேரம் அவள் முகத்தைப் பார்ப்பேன், கேட்க மாட்டேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் என் மனைவிக்காகக் கையேந்துகிறேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஏலாது.

எங்கள் ஒழுங்கையில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், ஜனாஸாவிலேயே அவள் மன்னித்துவிட்டாள் என்று முடிக்கிறார்கள். சிலர் அவளைக் கல் மனசுக்காரி என்கிறார்கள். இரண்டும் நடக்கவில்லை. இதை வாசிக்கிற நீங்கள் வேறு ஒருவருக்குச் சொல்வதாக இருந்தால், தயவுசெய்து அவளை மன்னிக்க வைத்துவிடாதீர்கள், அவளைக் கெட்டவளாக்கியும் விடாதீர்கள். தோடு போனது, காசு கொடுத்தாயிற்று, அந்தச் சொல் இன்னும் வரவில்லை. இருக்கிறபடியே சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் என் மனைவிக்காகக் கையேந்தி ஒரு துஆ கேளுங்கள்.