காலை ஆறு முதல் எட்டு வரை

எனக்கு டென்னிஸ் தெரியாது. இடுப்பெலும்பு தெரியும். அறுவை முடிந்து வீடு திரும்புகிறவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் முப்பத்தெட்டு வருடங்களாக என் வேலை. அவர்களில் பம்பரத்தைப் போல என்னைப் பாடாய்ப் படுத்தியவர் யாருமில்லை.

பம்பரம் என்பது கிளப்பில் அவருக்கு வைத்த பெயர். வயது எழுபத்தாறு, இடது இடுப்பில் அறுவை முடிந்து வீடு வந்திருந்தார். இந்த ஊரிலிருந்து வெளிநாட்டுப் போட்டிக்குப் போன முதல் பெண். அவர் ஆடத் தொடங்கியபோது பெண்களுக்கு மைதானம் கிடைத்தது மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை, ஆண்கள் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில். அந்த வெயிலில் ஆடியே ஒன்பது முறை தேசியப் பட்டம் வாங்கினார். ஆட்டத்தை விட்ட பிறகு கமிட்டியோடு மூன்று வருடம் மல்லுக்கட்டி, காலை ஆறு முதல் எட்டு வரை பெண்களுக்கென்று எழுதி வாங்கினார். அங்கே பழகிய பெண்கள் இருபது பேராவது தேசிய அளவில் ஆடியிருக்கிறார்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பறிக்கத்தான் வியாழக்கிழமை கூட்டம். கிளப் செயலாளர் அவருடைய சொந்தத் தம்பி.

"இடது காலை ஆறு வாரம் தரையில ஊணக் கூடாதும்மா," என்றேன்.

"வலது கால் சும்மாத்தானே இருக்கு, நர்ஸம்மா?"

அந்தக் கிளப்பில் ஓட்டுப் போட எழுந்து நிற்க வேண்டும். கை தூக்கினால் செல்லாது. நான்கு நாள் பழக்கினேன். வாக்கரைப் பிடித்து வலது காலில் எழ அவருக்கு அரை நிமிடம் ஆயிற்று.

கூட்டத்தில் செயலாளர், "நேரத்தை மாத்தணும்னு சொல்றவங்க எழுந்திருங்க," என்றார். மாற்ற வேண்டாம் என்பவர்களை எழச் சொல்லும் அடுத்த கேள்விக்குத் தயாராக இருக்கட்டுமென்று நான் இவரை அப்போதே எழுப்பிவிட்டேன். தப்பு என்னுடையது. இவர் நிற்பதைப் பார்த்துப் பின்வரிசைப் பெண்கள் ஏழு பேர் குழம்பிப்போய் எழுந்துவிட்டார்கள்.

தம்பி எண்ணினார். "நாப்பத்தொண்ணு. பாதிக்கு மேல. முடிஞ்சுது."

"டேய், நான் எழுந்தது அடுத்த கேள்விக்குடா. எழுந்திருக்க எனக்கு நேரமாகுது."

"நின்னா நின்னதுதான்கா. விதி."

"சின்ன வயசுல கோட்டுக்கு வெளிய விழுந்த பந்தை உள்ளேன்னு சாதிப்பே. இன்னும் திருந்தலையா நீ?"

முன்வரிசை சிரித்தது.

"உக்காருக்கா, விழுந்து தொலைக்கப்போறே."

"திரும்ப எண்ணு, உக்கார்றேன்."

தம்பி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பத்து நிமிடம். நான் இவர் இடுப்பில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை உட்காரச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. வலது முழங்கால் உதற, வாக்கர் கடகடவென்று ஆடத் தொடங்கியதும் தம்பியின் முகம் வெளுத்தது.

"சரி, எல்லாரும் உக்காருங்க. மொதல்லேர்ந்து எண்ணித் தொலைக்கிறேன்."

மாற்ற வேண்டும் என்றவர்கள் முப்பத்து மூன்று. இரண்டாவது கேள்விக்கு இவரை எழுப்பியபோது முக்கால்வாசி எடை என் தோளில். வேண்டாம் என்றவர்கள் முப்பத்தைந்து.

முழங்கால் வீங்கியது. டாக்டர் பத்து நாள் கூடுதலாகப் படுக்கையில் போட்டார், எனக்கும் திட்டு. மறுநாள் காலை ஆறு அடித்ததும், "கிளப்புக்குப் போன் போடுங்க, எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு கேளுங்க," என்று ஆரம்பித்தார்.

கேட்டேன். "நாலு பேராம்."

"நேத்து ஓட்டுப் போட்ட மத்ததெல்லாம் எங்க? தூங்குதுங்களா? அந்த ஏழு பேர் நம்பரையும் வாங்குங்க."