காதர் பாயின் கரண்ட் கை

போன ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் எங்கள் கேரம் கிளப்பில் ஒரு பஞ்சாயத்து. மூளைக்குள் கரண்ட் வைத்துக்கொண்டு ஒருத்தர் கேரம் ஆடலாமா, கூடாதா?

ஒருத்தர் என்றால் காதர் பாய். வண்ணாரப்பேட்டையில் கயிறு வியாபாரம். எங்கள் கிளப் சாம்பியனாக இருந்தவர், பார்க்கின்சன்ஸ் வந்து வலது கை நடுங்க ஆரம்பித்ததும் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவராகிவிட்டார். மாத்திரையும் ஒரு கட்டத்துக்கு மேல் கேட்கவில்லை. கடைசியில் ஆபரேஷன். மூளைக்குள் மெல்லிய கம்பி, நெஞ்சில் தோலுக்கடியில் பேட்டரி, கையில் ரிமோட். நோய் போகாது, நடுக்கம் அடங்கும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆபரேஷன் நடக்கும்போதே முழிக்க வைத்து, "விரலை ஆட்டுங்க" என்றாராம். பாய் ஸ்ட்ரைக்கர் சுண்டுவது மாதிரி சுண்டிக் காட்டியிருக்கிறார்!

ஆக, திரும்பவும் ஆட வந்துவிட்டார். கிளப் போட்டியில் முதல் ஆட்டமே தேசப்பனோடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர் — தோற்றால் பவுடரைக் குறை சொல்லும் ரகம்.

"இன்னா பாய், நாயமா இது? நாங்கல்லாம் வெறுங்கையில ஆடறோம். நீ பேட்டரி போட்டுகினு ஆடறே?"

சிரிப்பதா, கோபப்படுவதா? எனக்குக் கோபம்தான் வந்தது. தேசப்பன் கண்ணாடி போட்டுக்கொண்டுதானே ஆடுகிறார் — அதைக் கழற்றச் சொல்லவா? நான் வாயைத் திறப்பதற்குள் பாய் ரிமோட்டை எடுத்து அமுக்கிவிட்டார்.

"ஆஃப் பண்ட்டேன். ஆடு."

கொஞ்ச நேரம்தான். விரல் நடுங்கியது… பிறகு கை மொத்தமும். பிடித்திருந்த ஸ்ட்ரைக்கர் போர்டு மேல் தடதடவென்று அடித்துக்கொண்டது.

தேசப்பன் முகம் சுருங்கிப் போனது. "ஆன் பண்ணு நைனா. கண்ணால பாக்க முடியல. எனக்கு இன்னா தெரியும்…"

பாய் ஆன் செய்தார். கை அடங்கியது. அப்புறம் ஆட்டம் என்றால் ஆட்டம்! பாய்க்குக் கடைசிக் காய், அதுவும் பாக்கெட் வாசலில். சின்னப் பிள்ளை தட்டினால்கூட விழும். பாய் ஸ்டைலாக ஓங்கிச் சுண்டினார் — காயோடு ஸ்ட்ரைக்கரும் உள்ளே. ஃபவுல், காய் திரும்பப் போர்டுக்கு. தன் முறை வந்ததும் தேசப்பன் ஆட்டத்தை முடித்துவிட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு நடக்கும்போது ஆறுதல் சொல்லலாம் என்று திரும்பினால், பாய் முகம் கொள்ளாமல் சிரிப்பு. இத்தனை சந்தோஷமாகத் தோற்ற மனிதரை நான் பார்த்ததில்லை.

"பாத்தியா மாமு? கை கரெக்டாத்தான் கீது. நான்தான் தப்பா அடிச்சேன்."