ஈரலில் ஒன்று, காதில் ஒன்று

நெல்லியடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரத்ததான முகாம் வைத்திருந்தார்கள். நூல் வாங்கக் கடைக்குப் போன நான், போகிற வழியில் ஒரு புண்ணியம் கிடைக்கட்டும் என்று உள்ளே போய்க் கையை நீட்டினேன். கொடுத்து முடித்ததும் பிஸ்கற்றும் சோடாவும் தந்தார்கள். சந்தோசமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். சில கிழமை கழித்து இரத்த வங்கியில் இருந்து தொலைபேசியில் கூப்பிட்டார்கள். வந்து போகும்படி சொன்னார்கள், ஏன் என்று சொல்லவில்லை.

அங்கே ஒரு பெண் டொக்டர் இருந்தா. என் ஈரலில் கிருமி இருக்கிறது, ஹெப்பற்றைற்றிஸ் பி என்று அதற்குப் பெயர் என்றா. எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே என்றேன். இருக்காது, இது சத்தமில்லாமல் இருந்து ஈரலைத் தின்னும், பிறக்கும்போதே தாயிடம் இருந்து வந்திருக்கலாம் என்றா. அம்மா இருக்கிறாவா என்று கேட்டா. அம்மா இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் கண் மஞ்சளாகி, வயிறு பானை மாதிரி வீங்கிச் செத்துப்போனா. என்ன வருத்தம் என்று அப்போது யாரும் கேட்கவும் இல்லை, கேட்டிருந்தால் சொல்லுவதற்கு ஆளும் இல்லை. சகோதரங்கள் இருந்தால் கட்டாயம் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னா. ஒன்றாகச் சாப்பிட்டால், ஒரு பேணியில் குடித்தால் தொற்றாது என்பதையும் தெளிவாகச் சொல்லி அனுப்பினா.

எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. வீடு அவளுக்குச் சீதனமாக எழுதியது. எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. அதனால் அவள், அவளுடைய கணவர், அவர்களின் இரண்டு பிள்ளைகளோடு அந்த வீட்டிலேயே, முன் அறையில் மிசின் போட்டுச் சாறிப் பிளவுஸ் தைத்துக்கொண்டு நானும் இருந்தேன். டொக்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் தங்கச்சியிடம் சொன்னேன். மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த நாள் காலை என் தேத்தண்ணி ஒரு பச்சை பிளாஸ்ரிக் பேணியில் வந்தது. மற்ற எல்லாருக்கும் வழக்கமான சில்வர் பேணி. பிறகு சாப்பாட்டுக் கோப்பை வேறானது, துவாய்க்கொடி வேறானது. பேணியால் தொற்றாது என்று டொக்டர் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். "பிள்ளையள் இருக்கிற வீடு அக்கா" என்றாள். பிள்ளைகளுக்குக் குழந்தையிலேயே தடுப்பூசி போட்டாயிற்று என்று அவளுக்கும் தெரியும். நீயும் ஒருக்கால் இரத்தம் சோதி என்றேன். தனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய்வந்தேன். ஈரல் இன்னும் பழுதாகவில்லை, பார்த்துக்கொண்டு இருப்போம் என்றார்கள். பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அடுத்த மாரியில் காது தொடங்கியது. ஒரு காலை எழும்பும்போது கிணற்றடியில் தண்ணி மோட்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. தாங்கி நிரம்பி வழியப்போகிறது என்று ஓடினேன். மோட்டர் ஓடவில்லை. மழையும் விட்டுவிட்டிருந்தது. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. தங்கச்சியைக் கூப்பிட்டு, உனக்கும் கேட்கிறதா என்றேன். என்ன சத்தம் என்று கேட்டாள். அன்றைக்கு முழுக்க வீட்டில் ஓடுகிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிற்பாட்டிப் பார்த்தேன். கடைசியில் குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக் கழற்றியபோது தங்கச்சியின் கணவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இடது காதுக்குள் ஒரு மெல்லிய விசில், அதற்குக் கீழே ஒரு இரைச்சல். அது ஒரு நொடியும் மூச்சு வாங்குவதில்லை.

காது டொக்டரிடம் போனேன். ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, காதில் கருவியை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தும்படி சொன்னார்கள். நான் அமத்தினேன். கையை எடுக்காமல் அமத்திக்கொண்டே இருந்தேன். சோதனை செய்த பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வந்தா.

"அன்ரி, சத்தம் கேட்டால் மட்டும் அமத்துங்கோ."

"கேட்டுக்கொண்டுதானே பிள்ளை இருக்கு."

"நான் இன்னும் சத்தம் போடவே இல்லை."

டொக்டர் நல்ல மனுசன்தான். காது கேட்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது, இரைச்சலுக்கு மருந்தென்று பெரிதாக ஒன்றும் இல்லை, பழகிக்கொள்ளுங்கோ என்றார். இரைச்சலோடு வருகிற தலையிடிக்கு ஏதாவது தரச் சொல்லிக் கேட்டேன். ஈரல் கதை தெரிந்ததும் பேனையை வைத்துவிட்டு, அதை ஈரல் கிளினிக்கில் கேளுங்கோ என்றார். ஈரல் கிளினிக்கில் கேட்டால், காது எங்கடை பக்கம் இல்லை என்றார்கள். ஒரே உடம்புக்குள் இருக்கிற இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் இல்லை. என்னைக் கொல்லக்கூடியது வாயே திறக்காமல் கிடந்தது. ஒன்றும் செய்யாது என்று எல்லாரும் சொன்னது நாள் முழுக்கக் கத்தியது.

எனக்கு இருந்த ஒரே மருந்து தையல் மிசின். மோட்டர் பூட்டிய மிசின். மிதித்தால் அறை முழுக்க அதிரும். அது ஓடும்வரை காதுக்குள் இருப்பது தெரியாது. அதனால் முந்தி எடுக்காத வேலையெல்லாம் எடுத்தேன். பள்ளிக்கூட உடுப்பு, கோயில் திருவிழாவுக்குப் பட்டுச் சட்டை, யன்னல் சீலை, தலையணை உறை என்று எதையும் விடவில்லை. விரலில் ஊசி குத்தினால் கட்டிவிட்டுத்தான் துணியைத் தொடுவேன். அந்தக் கவனத்தை ஒருவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொருவராக வராமல் விட்டார்கள். வேறு இடத்தில் கொடுக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். பக்கத்து ஒழுங்கையில் ஒரு ரீச்சர் இருந்தா, என்னிடமே வருசக்கணக்காகத் தைப்பிக்கிறவ. ஒரு பின்னேரம் வந்து, தந்த துணிகளை வெட்டாவிட்டால் திருப்பித் தரும்படி கேட்டா. உள்ளே வரவில்லை, படலையில் நின்றபடிதான் கேட்டா. ஏன் என்று கேட்டேன்.

"குறை நினையாதையுங்கோ. ஊசி குத்துற வேலை. உங்கடை தங்கச்சிதான் சொன்னவ, இரத்தத்தால தொத்துமாம் எண்டு. அவவும் பாவம், உங்களை வைச்சுப் பாக்கிறா."

துணிகளை மடித்துக் கொடுத்தேன். அன்றைக்கே தங்கச்சியிடம் கேட்டேன். பொய்யா சொன்னேன் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். பொய் இல்லைத்தான். அதற்குப் பிறகு பல நாள் தைக்க ஒன்றும் இருக்காது. ஊசியைக் கழற்றிவிட்டு வெறும் மிசினை ஓடவிட்டுக்கொண்டு இருப்பேன். கரண்ட் வீணாகிறது என்று தங்கச்சியின் கணவர் அடுத்த அறையில் இருந்து சொல்வார். நிற்பாட்டுவேன். நிற்பாட்டியதும் விசில் பாய்ந்து வரும்.

அந்த நேரத்தில்தான் தங்கச்சிக்குப் பித்தப்பையில் கல் என்று ஒப்பரேசனுக்குச் சொன்னார்கள். அதற்கு முதல் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். இரண்டாம் தரமும் கூப்பிட்டு எடுத்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் ஒருவரோடும் கதையாமல் திரிந்தாள். கணவர் வேலைக்கும் பிள்ளைகள் ரியூசனுக்கும் போயிருந்த ஒரு நேரம் கிணற்றடிக்கு வந்தாள். நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டு இருந்தேன். என் இடது பக்கம் நின்று ஏதோ சொன்னாள், எனக்கு விளங்கவில்லை. மற்றப் பக்கம் வரச் சொன்னேன்.

"எனக்கும் இருக்காம் அக்கா" என்றாள். "உனக்கு இருக்கிறதுதான்."

வாளிக்குள் கையை வைத்தபடியே இருந்தேன். சந்தோசமா என்று கேட்டால், ஒரு கணம் ஓம், அப்படி ஒன்று வந்து போனது. பிறகு அம்மாவின் வயிறு நினைவு வந்தது. அவளைப் பக்கத்தில் இருத்தினேன். அழுதாள். எல்லாம் அடங்கிய பிறகு, "அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதை அக்கா, என்னை விட்டிட்டுப் போடுவார்" என்றாள்.

அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது, அவருடைய இரத்தம் சோதிக்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், இதில் விளையாட முடியாது என்று சொன்னேன். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றும் சொன்னேன். தான் ஒரு வழி பார்ப்பதாகச் சொன்னாள்.

அவள் பார்த்த வழியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறிந்தேன். சாப்பாட்டு மேசையில் இருந்து அவருடைய குரல் வந்தது. அக்காவுக்கு இருக்கிறபடியால் வீட்டில் எல்லாரும் சோதித்து ஊசி போடவேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்களாம். அப்படித்தான் அவரிடம் சொல்லியிருக்கிறாள். இரக்கப்பட்டு வைத்திருந்ததற்குத் தனக்கு இது தேவைதான் என்று அவர் சத்தம் போட்டார். என் காது எத்தனையோ சொல்லைத் தவறவிட்டிருக்கிறது, இதில் ஒன்றையும் தவறவிடவில்லை. வாசலில் போய் நின்றேன். தங்கச்சி சோற்றைப் பிசைந்துகொண்டு கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள். நான் வாய் திறந்தால் அவள் கதை முடிந்துவிடும். திறக்கவில்லை. அது பாசமா, களைப்பா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அவர் சோதித்தார், ஒன்றும் இல்லை. ஊசிகளைப் போட்டு முடித்தார். அவை முடிந்த பிறகு நான் அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டேன். நெல்லியடியில் பஸ் நிற்கிற இடத்துக்குக் கிட்ட, கடைகளுக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்தது. சத்தமான இடம் என்று வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதற்காகத்தான் எடுத்தேன். ஒரு புடைவைக்கடைக்குச் சாறியின் கீழ்க்கரைக்கு ஃபோல்ஸ் அடித்துக் கொடுக்கிறேன். எனக்கு என்ன வருத்தம் என்று முதலாளிக்கு முதல் நாளே சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வேலை சுத்தமாக இருந்தால் போதும் என்றார்.

இப்போது தங்கச்சியும் அதே கிளினிக்குக்குத்தான் வருகிறாள், என் திகதியிலேயே. அக்காவுக்குக் காது கேளாது, பெயர் கூப்பிட்டால் விளங்காது, தான் கூடப் போகவேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவாள். காத்திருக்கிற வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருக்கமாட்டாள். தெரிந்தவர்கள் யாரும் கண்டுவிடுவார்கள் என்று பயம். அவளுடைய பெயரைக் கூப்பிட்டால் குனிந்தபடி உள்ளே போய் வருவாள். அவளுக்கு மருந்து தொடங்கியிருக்கிறார்கள். அந்தக் குளிசைகள் என் அறையில்தான் இருக்கின்றன. கிழமைக்கு ஒருதரம், அக்காவுக்குக் கறி கொண்டுபோகிறேன் என்று வந்து எடுத்துப் போகிறாள்.

போன மாதம் என் அறையில் இருந்து அவளைக் கூட்டிப்போகக் கணவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வாசலில் எட்ட நின்றே கதைத்தார்.

"மச்சாள், நான் அண்டைக்கு ஏசினதுகளை மனசில வைச்சிருக்காதையுங்கோ. ஆனா ஒண்டு சொல்லுவன். உங்கடை தங்கச்சி மாதிரி ஒரு சகோதரத்தை ஆரும் பாக்கமாட்டினம்."

தங்கச்சி கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்" என்றேன்.