படத்துக்குக் கதை சொன்ன தாணுமாலயன் பிள்ளை

தென்காசியில் டெண்ட் கொட்டகைக்கு இங்கிலீஷ் படம் வந்தால் தாணுமாலயன் பிள்ளைக்கு வேலை வந்துவிடும். திரைக்குப் பக்கத்தில் நின்று, வெள்ளைக்காரர்கள் பேசுவதைத் தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும். குற்றாலத்தில் ஒரு துரையிடம் பன்னிரண்டு வருஷம் பட்லராக இருந்தவர். கேட்டதில் பாதி புரியும். மீதியைத் தானே கட்டிச் சொல்லுவார். ஜனங்களுக்கு அந்த மீதிதான் பிடித்திருந்தது.

1946 ஆனி மாதம் லண்டன் கொலைப்படம் ஒன்று வந்தது. மலிவாக எடுத்த படம். ஒரே அறையில் நாற்காலியை மாற்றிப் போட்டு, வீடு என்றும் போலீஸ் ஸ்டேஷன் என்றும் காட்டினார்கள். சொத்துக்காக ஒருவன் அண்ணன் மனைவியைக் கடலோரப் பாறையிலிருந்து தள்ளிவிட்டு, கால் தவறி விழுந்தாள் என்று அழுகிறான். செத்தவள் கைக்குள் அவன் கோட்டுப் பொத்தான் இருந்ததால் மாட்டிக்கொள்கிறான்.

சுந்தரபாண்டியபுரத்தில் நிலமுள்ள காந்திமதிநாதன் மூன்று நாள் தொடர்ந்து வந்து அந்தப் படத்தைப் பார்த்தார். நாலாம் நாள் காலையில் பிள்ளையின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்குதேன். அந்தப் பொத்தான் மட்டும் இல்லேன்னா?"

"தப்பிச்சிருப்பான்."

"போலீஸ் வேற எதையும் பாக்காதா?"

"பாறை வழுக்கிச்சுன்னு எழுதி மூடிருவான்."

காந்திமதிநாதன் சிரித்தார். "நாளைக்கு எங்க மதினியை மலைமேல செண்பகாதேவி அருவிக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவுதேன். அண்ணன் போனதிலேருந்து வீட்டுக்குள்ளயே கிடக்கா."

பிள்ளை அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தார். அண்ணன் நிலம் முழுக்க அந்த மதினி சொக்கம்மாள் பேரில்தான் இருந்தது என்பது ஊருக்கே தெரியும். போலீசில் போய் என்னவென்று சொல்வது? படம் பார்த்தான், கேள்வி கேட்டான் என்றா?

விடிந்ததும் குற்றாலத்துக்குப் போய், மலைப்பாதை தொடங்கும் இடத்தில் நின்றார். சாரலில் நனைந்தபடி இருவரும் வந்தார்கள். சொக்கம்மாள் முன்னால். பின்னால் வந்த காந்திமதிநாதன் சட்டை போட்டிருக்கவில்லை.

"நானும் கோயிலுக்குத்தான்" என்று பிள்ளை இருவருக்கும் நடுவில் புகுந்து நடந்தார். மேலே ஏற ஏற அருவி இரைச்சல் கூடியது. எதிரே ஒருவரும் வரவில்லை.

"ஆச்சி, நம்ம கொட்டகையில ஒரு படம் ஓடுது. கதையைச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க அண்ணாச்சி. நடை தெரியாம இருக்கும்."

சொன்னார். கொழுந்தன் என்றார், மதினி என்றார், வழுக்குப்பாறை என்றார். எதையும் கட்டிச் சேர்க்கவில்லை. பின்னால் வந்த காலடிச் சத்தம் நின்றுவிட்டது.

"இவரு மூணு நாள் பாத்தாரு ஆச்சி. நேத்து வீட்டுக்கு வந்து, பொத்தான் இல்லேன்னா தப்பிச்சிருப்பானான்னு கேட்டாரு."

சொக்கம்மாள் திரும்பிக் கொழுந்தனைப் பார்த்தாள். அவர் கீழே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மூச்சு வாங்குது. நான் இறங்குதேன்" என்றாள். பிள்ளையின் துண்டு முனையைப் பிடித்துக்கொண்டே அடிவாரம் வரை வந்தாள். அன்றைக்கே வாசுதேவநல்லூரில் தாய்வீட்டுக்குப் போனவள், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அங்கேயே இருந்துகொண்டாள்.

மறுநாளும் காந்திமதிநாதன் கொட்டகைக்கு வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தார். திரையைப் பார்க்கவில்லை, பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த படத்துக்கும் வந்தார், அதற்கடுத்ததற்கும் வந்தார். ஆடி முடிவதற்குள் பிள்ளைக்குக் குரல் எழும்பாமல் போயிற்று. தொண்டையில் ஒன்றுமில்லை என்றார் வைத்தியர். கொட்டகைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

"அவன் நெசமாவே தள்ளிருப்பானா?" என்று மனைவி பிச்சம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"தெரியலை" என்றார் பிள்ளை. எழுந்துபோய், வாசல் கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்தார்.